ஃபிரிட்ஜை விடுங்கள், வில்லன் எங்கே?

ஃபிரிட்ஜ் கட்சியினரே, ரப்பர் படகுக் கட்சியினரே, இரண்டிலும் சேராமல் நடுவில் பாப்கார்ன் கொறித்துக்கொண்டிருப்பவர்களே,



இண்டியானா ஜோன்ஸ் வரிசையின் நான்காம் படமான ‘கிங்டம் ஆஃப் த கிரிஸ்டல் ஸ்கல்’ 2008 மே மாதம் வந்தது. அதன் பிறகு ஐந்தாவது படமும் வந்து போய்விட்டது. உங்கள் சண்டை மட்டும் ஓய்ந்தபாடில்லை. ஃபிரிட்ஜ் கட்சி சொல்கிறது: நெவாடா பாலைவனத்தில் அணுகுண்டு வெடிக்கிறது, அந்த ஆள் ஈயத்தகடு பதித்த ஃபிரிட்ஜுக்குள் சுருண்டுகொள்கிறான், ஃபிரிட்ஜ் வானத்தில் பறந்து மணலில் விழுந்து உருள்கிறது, அவன் வெளியே வந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிற்கிறான், நம் காதில் இதைவிடப் பெரிய பூவைச் சுற்ற முடியுமா? படகுக் கட்சி உடனே 1984-க்குத் தாவுகிறது: ‘டெம்பிள் ஆஃப் டூம்’ படத்தில் விமானத்திலிருந்து மூன்று பேர் ரப்பர் படகோடு குதித்து, இமயமலைப் பனியில் சறுக்கி, பாறை விளிம்பிலிருந்து ஆற்றில் விழுந்து, ஒரு கீறலும் இல்லாமல் கரையேறுகிறார்களே, அதற்குக் கைதட்டியவர்கள்தானே நீங்கள்? அப்போது எங்கே போயிருந்தது உங்கள் லாஜிக்?

நியாயமான கேள்வி. ஃபிரிட்ஜ் கட்சியிடமிருந்து இதற்கு உருப்படியான பதில் வந்து நான் கேட்டதில்லை. “அப்போது சின்னப் பையனாக இருந்தேன்” என்பது பதில் ஆகாது. “அது நிஜ ஸ்டன்ட், இது கம்ப்யூட்டர் வேலை” என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் படகு விமானத்திலிருந்து விழும் காட்சியில் உயிருள்ள மனிதர்கள் யாரும் குதிக்கவில்லை. அதனால் அந்தப் பதிலும் பாதி வழியில் நின்றுவிடுகிறது.

பதில் இயற்பியலிலும் இல்லை, நம் வயதிலும் இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்த மடல். படகுக் காட்சியில் ஒரு வில்லன் இருக்கிறான். ஃபிரிட்ஜ் காட்சியில் யாருமே இல்லை.

படகுக் காட்சியை நினைத்துப்பாருங்கள். ஷாங்காயிலிருந்து தப்பித்துவிட்டோம் என்ற மிதப்பில் இண்டி விமானத்தின் கதவைச் சாத்துகிறார். கதவில் எழுதியிருப்பது லாவ் சேயின் பெயர். சற்றுமுன் அவருக்கு விஷம் கொடுத்த அதே ஆள். விமானிகள் எரிபொருளைத் திறந்துவிட்டு, பாராசூட்டை மாட்டிக்கொண்டு குதித்துவிடுகிறார்கள். லாவ் சே மொத்தப் படத்திலும் சில நிமிடங்கள்தான் வருகிறான், ஆனால் அவன் கை இந்த விமானம்வரை நீள்கிறது. ஹீரோ ஒரு மூலையில் மாட்டிக்கொண்டார். அகப்பட்டதைக் கையில் எடுக்கிறார். அது ரப்பர் படகு. எதிராளியின் காய்நகர்த்தலுக்குப் பதிலாக வரும் நகர்த்தல் அது. அதனால் நாம் ‘இது நடக்குமா’ என்று யோசிக்கவில்லை. ‘மாட்டினானா, தப்பித்தானா’ என்றுதான் பார்த்தோம்.

இப்போது ஃபிரிட்ஜ். இண்டி ரஷ்யர்களிடமிருந்து ஏற்கெனவே தப்பித்துவிட்டார். இரவெல்லாம் நடந்து ஓர் ஊருக்குள் நுழைகிறார். அங்கே இருப்பவர்கள் எல்லாரும் பொம்மைகள். தேடி வந்த சில ரஷ்ய வீரர்கள்கூட சைரன் கேட்டதும் காரில் ஏறிப் பறந்துவிடுகிறார்கள். படத்தின் வில்லி இரினா ஸ்பால்கோ அந்த வட்டாரத்திலேயே இல்லை. குண்டை வைத்தது அமெரிக்க அரசு. அதுவும் இவருக்காக வைக்கவில்லை. இங்கே வெடி என்பது இடி மழை மாதிரி யாருடைய சதியும் இல்லாமல் வருகிறது. எதிரில் ஆள் இல்லாத காட்சியில் நம் மூளைக்கு வேறு வேலை கிடையாது. அது உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்துவிடும்: எத்தனை அடி உயரம், எத்தனை எலும்பு, எவ்வளவு கதிர்வீச்சு.

சொல்லப்போனால் அந்தக் காட்சியின் முதல் பாதி இந்தப் படத்திலேயே மிகச் சிறந்த பகுதி. அது கற்பனையும் அல்ல. 1955 மே 5 அன்று நெவாடா சோதனைத் தளத்தில் ‘ஆப்பிள்-2’ என்ற பெயரில் 29 கிலோடன் அணுகுண்டை வெடித்தார்கள். அதற்காகவே ஒரு குட்டி ஊரைக் கட்டினார்கள். வீடுகளில் சோபா, மேசை, சமையலறையில் உணவு டப்பாக்கள், கடைத் துணி உடுத்திய பொம்மைக் குடும்பங்கள். குண்டு விழுந்தால் ஒரு நடுத்தரக் குடும்பம் என்ன ஆகும் என்று பார்க்கத்தான் இவ்வளவும். அந்த வீடுகளில் இரண்டு இன்றும் பாலைவனத்தில் நின்றுகொண்டிருக்கின்றன. படத்தில் பொம்மை அப்பாவும் பொம்மைப் பிள்ளைகளும் தொலைக்காட்சிக்கு முன் சிரித்தபடி உருகுவதைப் பார்க்கும்போது வயிற்றில் ஏதோ செய்கிறது. இயக்குநர் ஸ்பீல்பெர்க் அதோடு நிறுத்தியிருந்தால் அந்த ஐந்து நிமிடத்தைப் பாடமாக வைத்திருப்பார்கள்.

நிறுத்தவில்லை. பின்னாளில் ஸ்பீல்பெர்க் ஒரு பேட்டியில் ஃபிரிட்ஜ் தன்னுடைய அசட்டு யோசனைதான், திட்டுவதானால் தன்னையே திட்டுங்கள் என்கிற பொருளில் பேசினார். தயாரிப்பாளர் ஜார்ஜ் லூகாஸோ, அது தன் பொறுப்பு என்றும், உயிர் பிழைக்க முடியுமா என்று தான் ஆராய்ந்து கோப்பே தயாரித்ததாகவும், வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று விஞ்ஞானிகள் சொன்னதாகவும் கூறினார். இரண்டு ஜாம்பவான்கள் பழியைப் போட்டி போட்டு ஏற்றுக்கொள்வது அபூர்வம்தான். ஆனால் லூகாஸின் கோப்பு ஒன்றைக் காட்டிக்கொடுக்கிறது: அவரும் உங்களைப் போலவே கணக்குதான் போட்டிருக்கிறார். கணக்கு சரியாக வந்துவிட்டால் காட்சியும் சரியாகிவிடும் என்று நம்பியிருக்கிறார். 1981-ல் வந்த முதல் படத்தை எடுத்தபோது, பாதாள அறையில் பல நூற்றாண்டுகளாகப் பாம்புகள் எதைத் தின்று உயிர் வாழ்ந்தன என்று அவர் கோப்பு தயாரித்திருக்க மாட்டார்.

(கணக்கு என்று வந்துவிட்டதால் ஒன்று. ஐம்பதுகளின் அமெரிக்க ஃபிரிட்ஜ்களில் கொக்கி வெளியில்தான் இருக்கும். உள்ளேயிருந்து திறக்க முடியாது. குழந்தைகள் மாட்டிக்கொண்டு இறந்ததால் 1956-ல் அதற்கென்றே சட்டம் போட வேண்டியிருந்தது. எனவே பறந்ததைவிட வெளியே வந்ததுதான் பெரிய அதிசயம். இந்த வாதத்தை ஃபிரிட்ஜ் கட்சிக்கு இலவசமாகத் தருகிறேன்.)

இனி ஸ்பால்கோவுக்கு வருவோம். கேட் பிளான்செட் நடிப்பைக் குறை சொல்ல நான் தயாரில்லை. நறுக்கிய கறுப்புக் கூந்தல், சாம்பல் நிறச் சீருடை, இடுப்பில் வாள், விறைப்பான நடை. பார்த்த மாத்திரத்தில் ஒரு வில்லி தயார். அறிமுகத்திலேயே அவளுக்கு அடுத்தவர் மனத்தைப் படிக்கும் சக்தி உண்டு என்று சொல்லிவிடுகிறார்கள். அவளும் இண்டியின் நெற்றியருகே கையை வைத்து முயன்று பார்க்கிறாள். முடியவில்லை. சரி, ஹீரோவின் மனம் கடினமான மனம் என்று காட்டுவதற்காக இருக்கும், பிறகு வேறு யாரிடமாவது இந்தச் சக்தியைக் காட்டுவாள் என்று காத்திருந்தேன். கடைசிவரை எதுவும் நடக்கவில்லை. துப்பாக்கி காட்டி மிரட்டுகிறாள், ஆள் வைத்துக் கட்டிப்போடுகிறாள், வாள் சுழற்றுகிறாள். இதற்கெல்லாம் மனோசக்தி எதற்கு?

முதல் படத்தின் பெல்லாக்கை இவள் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். அவனுக்கு எந்தச் சக்தியும் கிடையாது. வெள்ளை சூட் போட்ட பிரெஞ்சுக்காரத் தொல்லியல் ஆள், அவ்வளவுதான். படம் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் இண்டி உயிரைக் கொடுத்து எடுத்து வந்த தங்கச் சிலையைக் கையை நீட்டி வாங்கிக்கொள்கிறான். அங்கேயே ஹீரோவுக்கு ஓர் இழப்பு, நமக்கு ஒரு கோபம். பிறகு படத்தின் பின்பாதியில் இண்டி ராக்கெட் லாஞ்சரைத் தோளில் வைத்துக்கொண்டு, காதலி மரியனை விடாவிட்டால் உடன்படிக்கைப் பேழையை வெடித்துச் சிதறடிப்பேன் என்கிறார். ஜெர்மானியர்கள் வெலவெலத்துப்போகிறார்கள். பெல்லாக் மட்டும் அசையவில்லை. சுடு என்கிறான். இவனும் என்னைப் போலத்தான், அதைத் திறந்து பார்க்காமல் சாகமாட்டான் என்று அவனுக்குத் தெரியும். இண்டியால் சுட முடியவில்லை. அங்கே பெல்லாக் செய்தது மனத்தைப் படிக்கும் வேலை. சக்தியே இல்லாதவன் படித்துவிட்டான். சக்தி இருப்பதாக விளம்பரப்படுத்தப்பட்டவளால் முடியவில்லை. நான்காம் படத்தின் கோளாறு மொத்தமும் எனக்கு இந்த இடத்தில்தான் தெரிகிறது.

அதே படத்தில் டோட் என்ற கண்ணாடிக்கார நாஜி ஒருவன் வருகிறான். மொத்தமாகச் சேர்த்தாலும் சில காட்சிகள்தான். நேபாள மதுக்கடையில் தீயில் பழுத்த பதக்கத்தை ஆசையோடு எடுக்கப்போய் உள்ளங்கையைச் சுட்டுக்கொள்கிறான். கத்திக்கொண்டு பனியில் கையைத் திணிக்கிறான், தியேட்டரே சிரிக்கிறது. ஆனால் அந்தத் தழும்பை அச்சாக வைத்துத்தான் ஜெர்மானியர்கள் பேழை இருக்கும் இடத்தைக் காட்டும் தண்டின் உயரத்தைக் கணக்கிடுகிறார்கள். பதக்கத்தின் ஒரு பக்கம் மட்டுமே அவன் கையில் பதிந்ததால் கணக்கு தப்பாகி, வேறு இடத்தில் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். வில்லனின் பேராசை, அவன் பட்ட சூடு, அவனுடைய தப்பு எல்லாமே கதையை நகர்த்துகின்றன. ஸ்பால்கோ கதையில் எதை நகர்த்துகிறாள்? கடைசி மூன்றிலொரு பங்கில் அவள் செய்வதெல்லாம் இண்டியின் கோஷ்டியைப் பின்தொடர்வதுதான். அதுவும் இண்டியின் பழைய சகா மேக் வழியில் போட்டுக்கொண்டே போகும் மின்னும் கருவிகளைப் பார்த்து. அந்த மேக் நண்பனா, துரோகியா, துரோகிபோல நடிக்கும் நண்பனா என்று படம் புரட்டிப் புரட்டிப் போடுகிறது. இரண்டாம் புரட்டலுக்குப் பிறகு யாருக்கும் அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

இண்டியின் கோஷ்டியினர் நீரிலும் நிலத்திலும் ஓடும் வண்டியோடு மூன்று அருவிகளில் அடுத்தடுத்து விழுகிறார்களே, அதை இதோடு சேர்த்துப் பாருங்கள். விழும்போது துரத்துபவர் யாரும் இல்லை. ஒருவருக்கும் அடி இல்லை, எதுவும் தொலையவில்லை. ஒரு அருவி போதாதா என்று கேட்காதவர் இல்லை. இண்டியின் மகன் மட் குரங்குகளோடு கொடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருவதைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. அந்தக் காட்சிக்காக வாதாட ஒரு கட்சியும் இல்லை.

இதற்கு நேர்மாறான காட்சியை உங்களுக்கு நினைவூட்ட வேண்டும். ‘டெம்பிள் ஆஃப் டூம்’ படத்தின் தொங்குபாலம். இந்தியாவில் இருப்பதாகச் சொல்லப்படும் அந்தப் பாலம் இருந்தது இலங்கையில், கண்டிக்குப் பக்கத்தில். திரைக்கதையை மாற்றச் சொல்லி இந்திய அரசு அனுமதி தராமல் இழுத்ததால் படக்குழு அங்கே போனது. விக்டோரியா அணைக்கட்டு வேலையில் இருந்த பிரிட்டிஷ் பொறியாளர்களே அந்தப் பாலத்தையும் கட்டிக்கொடுத்தார்கள். பிறகு நிஜமாகவே வெடி வைத்து அறுத்து, கைகால் ஆட்டும் இயந்திரப் பொம்மைகளைக் கீழே விழவைத்துப் படம் எடுத்தார்கள்.

காட்சியில் என்ன நடக்கிறது? பாலத்தின் இரு முனையிலும் எதிரிகள். நடுவில் இண்டி. எதிரே படத்தின் வில்லன் மோலா ராம், அவன் கையில் பணயமாகப் பாடகி வில்லி ஸ்காட்டும் சிறுவன் ஷார்ட் ரவுண்டும். இண்டி பாலத்தையே வெட்டப்போகிறார் என்று முதலில் புரிந்துகொள்வது ஷார்ட் ரவுண்டுதான். காலில் கயிற்றைச் சுற்றிக்கொள்கிறான். மோலா ராம் சிரிக்கிறான், அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. அறுந்து செங்குத்தாகத் தொங்கும் பாலம் ஏணியாக மாற, அதிலேயே சண்டை தொடர்கிறது. இத்தனை பேர் பிடியை விடாமல் தொங்குவது நடக்கிற காரியமா? இல்லவே இல்லை. ஆனால் பாலத்தில் மோலா ராம் இருக்கிறான். அவன் கண்ணைத் தாண்டி நம் கணக்கு வேறெங்கும் போகவில்லை.

மோலா ராமாக வந்தவர் அம்ரீஷ் பூரி. ‘தளபதி’யின் கலிவரதன் என்றால் நம்மவர்களுக்கு உடனே தெரியும். இந்தப் படத்துக்காகத் தலையை மழித்தவர் பிறகும் அந்தத் தோற்றத்தையே தக்கவைத்துக்கொண்டார். அவருக்கும் படத்தில் கனமான வசனங்கள் கிடையாது. ஆனால் முதன்முதலில் அவர் வரும் காட்சியிலேயே ஒரு மனிதனின் நெஞ்சுக்குள் கையை விட்டு இதயத்தை எடுத்துவிடுகிறார். ஆபத்து என்ன என்பது அப்போதே நம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் கையைத் தூக்கினாலே போதும். ஸ்பால்கோவும் கையைத் தூக்குகிறாள்; அந்தக் கையால் ஏதாவது செய்து காட்டியிருக்க வேண்டாமா?

படகுக் கட்சியினர் இங்கே ரொம்பவும் மகிழ்ந்துவிட வேண்டாம். வில்லன் பலமாக இருந்தால் எல்லாம் மன்னிக்கப்படும் என்று நான் சொல்லவில்லை. பங்கோட் அரண்மனை விருந்தில் வண்டு, கண் மிதக்கும் சூப், குளிரவைத்த குரங்கு மூளை என்று பரிமாறுகிறார்களே, அதை எந்த வில்லனாலும் காப்பாற்ற முடியாது. வட இந்தியக் கிராமத்துப் பெரியவர் சிங்களத்தில் பேசுகிறார் என்பது இலங்கையில் படம் பார்த்த எவருக்கும் தெரியும். அணுகுண்டும் ஃபிரிட்ஜும் இயற்பியலைத்தான் அவமதித்தன. இயற்பியலுக்கு மானரோஷம் கிடையாது. இந்த விருந்து மனிதர்களை அவமதித்தது. உங்கள் நம்பகத்தன்மைப் பட்டியலில் முதலிடம் பெற வேண்டிய காட்சி இது. இரு கட்சியும் இதைப் பேசியே நான் கேட்டதில்லை.

என் வாதத்துக்கு எதிரான ஒன்றையும் நானே எடுத்துவைக்கிறேன். 1989-ல் வந்த ‘லாஸ்ட் க்ரூசேட்’ படத்தின் டோனோவன் பலமான வில்லனா? இல்லை. கோட்டுப் போட்ட பணக்காரன், முக்கால் படத்துக்கு எங்கேயோ இருக்கிறான். அந்தப் படத்தில் குடையை விரித்துக் கடற்பறவைகளைக் கிளப்பியே, இண்டியின் அப்பாவாக வரும் ஷான் கானரி ஒரு போர்விமானத்தை வீழ்த்துகிறார். யாரும் சண்டைக்கு வரவில்லை. ஏனென்றால் அங்கே இண்டியை நெருக்குவது அப்பா. ஒவ்வொரு சாகசக் காட்சியும் அந்த அப்பாவிடம் ஒரு சபாஷ் வாங்கும் முயற்சி. குடை விரிந்ததும் மகன் முகத்தில் வரும் வியப்பைத்தான் பார்த்தோம், விமானத்தை அல்ல. கடைசியில் டோனோவன் செய்யும் ஒரே உருப்படியான வில்லத்தனமும் அப்பாவின் வயிற்றில் சுடுவதுதான். அவரைக் காப்பாற்ற இண்டி போய்ப் புனிதக் கோப்பையைக் கொண்டுவந்தே ஆக வேண்டும். ஒரே தோட்டா, எந்த மாயமும் இல்லை. அதுவரை வெறும் கோட்டாக இருந்தவன் அந்த நொடியில் வில்லன் ஆகிறான்.

ஆக, நெருக்கடி கொடுக்க ஆள் வேண்டும். அது வில்லன்தான் என்ற கட்டாயம் இல்லை. இதைச் சொன்னதும் நான்காம் படத்தின் பெரிய சோகம் தெரிகிறது: அந்த ஆட்கள் அதில் இருந்தார்கள். ஃபிரிட்ஜிலிருந்து வெளியே வந்து கதிர்வீச்சைக் கழுவித் தேய்த்த கையோடு இண்டியை எஃப்.பி.ஐ. ஆட்கள் உட்காரவைத்து விசாரிக்கிறார்கள். ரஷ்யர்களுக்கு உதவினாயா என்கிறார்கள். போரில் நாட்டுக்காக வேலை செய்தவர், பதக்கம் பெற்றவர், எதுவும் எடுபடவில்லை. கல்லூரியில் வேலை பறிபோகிறது. அவருக்காகப் பேசிய டீனும் பதவியை விடுகிறார். அமெரிக்கர்கள் பக்கத்து வீட்டுக்காரனைச் சந்தேகித்த ஐம்பதுகள் அப்படியே திரைக்கு வருகிறது. வாழ்நாள் முழுக்க நாஜிகளோடு மல்லுக்கட்டியவரைச் சொந்த நாடே துரோகி என்கிறது. இதைவிடப் பலமான எதிரி யார் கிடைப்பார்?

படம் அந்த நூலை அங்கேயே கைவிட்டுவிடுகிறது. ஸ்பீல்பெர்க், ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ எடுத்த பிறகு நாஜிகளைக் கேலிச்சித்திர வில்லன்களாகக் காட்டத் தனக்கு மனம் வரவில்லை என்று சொல்லியிருக்கிறார். மதிக்க வேண்டிய காரணம். ஆனால் நாஜிகளைக் கழற்றிவிட்டு அதே அச்சில் ரஷ்யர்களை ஊற்றியதுதான் நடந்தது. செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் கம்யூனிஸ்டுகள் படத்தைக் கண்டித்து அறிக்கை விட்டார்கள். அவர்கள் அவ்வளவு கோபப்படும் அளவுக்கு ஸ்பால்கோ யாரையும் பயமுறுத்தவில்லை. இறுதியில் அவள் எல்லாம் அறிய வேண்டும் என்று கேட்டு, அறிந்து, எரிந்து போகிறாள். பேழையைத் திறந்த பெல்லாக்கும், தப்பான கோப்பையில் குடித்த டோனோவனும் இதே மாதிரிதான் போனார்கள். அவர்கள் போனபோது ஒரு நிறைவு இருந்தது.

இன்னும் ஒன்று, படத்துக்கு வெளியிலிருந்து. படத்தின் தலைப்பில் வருவது மாதிரியே பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு பளிங்கு மண்டையோடு இருக்கிறது. பழைய மெக்சிகோ நாகரிகத்துடையது என்று பல காலம் நம்பப்பட்டது. அது 19-ம் நூற்றாண்டில் சுழலும் சக்கரக் கருவியால் செதுக்கிய போலி என்ற ஆய்வு, படம் வெளிவந்த அதே 2008-ல்தான் பத்திரிகையில் வந்தது. அது கைமாறி வந்த வழியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் யூஜீன் போபான் என்ற பிரெஞ்சுப் பழம்பொருள் வியாபாரியிடம் போய் நிற்கிறது. மெக்சிகோவில் கடை, பாரிஸில் கடை, கையில் நிஜமும் போலியும் கலந்த சரக்கு, வாங்குபவனின் ஆசையைத் துல்லியமாக எடைபோடும் கண். பெல்லாக்கின் தாத்தா மாதிரி ஒருவர் வரலாற்றிலேயே இருந்திருக்கிறார். படத்துக்குக் கிடைத்ததோ வேற்றுக்கிரகவாசிகள். வசூல் 78 கோடி டாலரைத் தாண்டியதால் யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

2023-ல் வந்த ‘டயல் ஆஃப் டெஸ்டினி’ பற்றிச் சுருக்கமாக. மேட்ஸ் மிக்கெல்சனின் ஃபோலர் நல்ல யோசனை: காலத்தில் பின்னே போய் ஹிட்லரைக் கொன்று, போரைத் தானே நடத்தி ஜெயிக்க நினைக்கும் நாஜி. இந்த ஆசையை வைத்து ஒரு படமே எடுக்கலாம். அதை அவன் வாய்விட்டுச் சொல்வதற்குள் படம் முக்கால்வாசி முடிந்துவிடுகிறது. அதற்கு முன் ஒரு துரத்தல், இன்னொரு துரத்தல், மேலும் ஒரு துரத்தல்.

ஆகவே இரு கட்சியினருக்கும் ஒரே வேண்டுகோள். நான்காம் படத்தை அடுத்த முறை போடும்போது, ஃபிரிட்ஜ் காட்சி வந்ததும் ரிமோட்டை எடுத்துக்கொண்டு சண்டைக்கு எழாதீர்கள். இன்னும் கொஞ்ச நேரம் உட்காருங்கள். எஃப்.பி.ஐ. விசாரணையும், இண்டியின் வீட்டில் அவரும் டீனுமாக இரண்டு கிழவர்கள் தங்களுக்கு என்ன மிச்சம் இருக்கிறது என்று பேசிக்கொள்ளும் காட்சியும் வரும். அதைப் பார்த்துவிட்டு, இந்தப் படம் எங்கே உடைந்தது என்று சொல்லுங்கள். ஃபிரிட்ஜில் என்றுதான் அப்போதும் சொல்வீர்களானால், நான் என் பாப்கார்னோடு நடுவரிசைக்குப் போய்விடுகிறேன்.

அன்புடன்,
ஐந்தையும் பார்த்துத் தொலைத்தவன்